முதலாளியின் புது யோசனையும் ஒப்புக்கொண்ட ஷிப்மென்ட்டும்: எதை எப்போது லைனில் இறக்குவது?

திருப்பூரில் பத்து லைன் (தையல் மெஷின்களை வரிசையாகப் போட்ட உற்பத்தித் தொடர்) ஓடும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். லைனுக்கு 30 மெஷின். அடுத்த 90 நாளுக்கு ஆர்டர் பிடித்தாகிவிட்டது. சரக்கு எந்தத் தேதிக்குள் தூத்துக்குடிக்குப் போக வேண்டும் என்பது பையரின் பி.ஓ.விலேயே (கொள்முதல் ஆணையிலேயே) இருக்கிறது. இந்த நேரத்தில் கண்காட்சிக்குப் போய்வந்த முதலாளி, பாலியஸ்டர்-ஸ்பாண்டெக்ஸ் லெக்கிங்ஸ் ஒன்றை மேசைமேல் போட்டு, "இதை நாம பண்ணணும்" என்கிறார்.

யோசனையில் பழுதில்லை. உலகச் சந்தையில் செயற்கை இழைத் துணியின் பங்கு பருத்தியைவிடப் பெரிது. திருப்பூரோ இன்னும் பருத்தியை நம்பியே ஓடுகிறது. ஐந்து வருஷமாக ஒரே வட்டக் கழுத்து டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டிருக்கும் கம்பெனியில் முதலாளி இப்படி யோசிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அதே வாரம் நாலாவது லைனில் 18,000 பீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வாக்குக் கொடுத்தவரும் அதே முதலாளிதான்.

இந்த இடத்தில் ஐந்து வழிகள் உண்டு. உடனே இறக்கலாம். அடுத்த சீசனுக்கு நிறுத்திவைக்கலாம். யோசனைகளுக்கென்று ஒரு சிறு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கலாம். ஓடும் ஒன்றை எடுத்துவிட்டு இதை வைக்கலாம். தனி யூனிட் போடலாம். பத்து லைன் அளவில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்துதான் வேலைக்கு ஆகும் என்பது எங்கள் கணிப்பு. நான்காவது, சீசனுக்கு ஒருமுறை. முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடம் உண்டு, ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் அல்ல.

முதலில் அடைப்பது லைன் அல்ல

"ஒரு லைனைக் கொடுத்தால் போதும்" என்றுதான் பேச்சு தொடங்கும். லைன் கடைசியில் வரும் பிரச்சினை. முதலில் அடைத்துக்கொள்வது சாம்பிள் ரூம். பத்து லைன் கம்பெனியில், துணி வெட்டுவதற்கு அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சாம்பிள் டெய்லர்கள் ஆறேழு பேர். ஒவ்வொரு ஆர்டரும் ஃபிட் சாம்பிள் (அளவு பொருந்துகிறதா என்று பார்க்க), சைஸ் செட் (எல்லா சைஸிலும் மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி) என்று குறைந்தது மூன்று முறை அந்த அறைக்குள் போய்வருகிறது. பி.பி. சாம்பிளுக்கு பையர் ஓகே சொல்லாமல் கட்டிங் தொடங்க முடியாது.

அந்த அறையில் லெக்கிங்ஸ் நுழைந்தால் என்ன ஆகும்? பேட்டர்ன் மாஸ்டர் இரண்டு நாள் அதில் உட்காருகிறார். நீட்சித் துணிக்குப் புதிதாக அளவு போட வேண்டும், முதல் பீஸ் இடுப்பில் சுருளும், திரும்பப் போடுவார். அவர் மேசையில் காத்திருந்த டீஷர்ட்டின் பி.பி. சாம்பிள் நாலு நாள் பிந்துகிறது. கூரியர் பிந்துகிறது, அப்ரூவல் பிந்துகிறது, கட்டிங் பிந்துகிறது. லைன் இரண்டு நாள் சும்மா நின்று, பிறகு ராத்திரி ஓவர்டைம் ஓடுகிறது. கடைசியில் யாரோ ஒருவர் "ஏர்ல அனுப்பிரலாம்" என்கிறார். இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைத்தது லெக்கிங்ஸ் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

காரணம் எளிய வரிசைக் கணக்கு. ஒரே ஆள், ஒழுங்கில்லாமல் வந்துசேரும் வேலைகள் என்று வைத்துக்கொண்டால், அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு வேலை சராசரியாகத் தன்னைச் செய்ய ஆகும் நேரத்தைப்போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. சீசன் நடுவில் நம் பேட்டர்ன் மாஸ்டர் 90-க்கு மேல்தான் இருப்பார். அவரிடம் "சும்மா ஒரு பீஸ்" என்று கொடுப்பது எல்லா ஆர்டரின் தேதியையும் தொடுகிறது.

அமேசானில் ஜெஃப் வில்கி சொன்னதும் இதுதான். ஆலை நிர்வாகத்திலிருந்து 1999-இல் அங்கே போனவர் அவர். கம்பெனியையே அழிக்கப் போதுமான அளவு உங்களிடம் யோசனைகள் இருக்கின்றன என்று அவர் நிறுவனர் பெசோஸிடம் சொன்னதாகப் பெசோஸே பிற்பாடு மேடையில் நினைவுகூர்ந்தார். உள்ளே விடுகிற ஒவ்வொரு யோசனையும் பாதி முடிந்த வேலையாகக் குவிகிறது. நிறுவனம் தாங்கும் வேகத்தில்தான் விட வேண்டும் என்பது வாதம். அதன்பின் பெசோஸ் யோசனைகளைத் தன்னிடமே பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விடத் தொடங்கினார். கூடவே அதிக யோசனைகளைத் தாங்கும்படி நிறுவனத்தையும் விரித்தார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வழி ஒன்று: உடனே இறக்குவது

செலவை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 30 மெஷின், 480 நிமிடம்: நாளுக்கு 14,400 நிமிடம். 50 சதவீத எஃபிஷியன்சியில் 7,200. டீஷர்ட்டின் சாம் (ஒரு பீஸ் தைக்க ஆகும் நிர்ணய நேரம்) 8 நிமிடம் என்றால் நாளைக்கு 900 பீஸ். அந்த லைனில் 12 நிமிட சாம் உள்ள லெக்கிங்ஸைப் போட்டால் முதல் நாள் எஃபிஷியன்சி 20 சதவீதம்தான் வரும், அதாவது 240 பீஸ். தினம் ஐந்து சதவீதம் ஏறினாலும் பழைய நிலைக்கு வர ஏழாவது நாள் ஆகும். இடைப்பட்ட ஆறு நாளில் தொலைவது 15,120 நிமிடம். டீஷர்ட் கணக்கில் 1,890 பீஸ். லைனைத் திரும்ப டீஷர்ட்டுக்கு மாற்றும்போது இன்னொரு முறை, இதைவிடக் கொஞ்சம் குறைவாக.

துணிப் பக்கத்தில் இன்னும் மோசம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பெரும்பாலும் 60 டிகிரியில் முடிந்துவிடும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், 130 டிகிரி, அழுத்தம் தாங்கும் மெஷின் வேண்டும். நாம் வழக்கமாகக் கொடுக்கும் சாயப்பட்டறையில் அது இல்லாமல் இருக்கலாம். ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியை ஸ்டென்டர் மெஷினில் ஹீட் செட் செய்யாமல் (சூட்டில் அளவை நிலைப்படுத்தாமல்) கொண்டுவந்தால் ஓரம் சுருளும், துவைத்ததும் அளவு இறங்கும். வந்த துணியை ரோலிலிருந்து பிரித்து 24 மணி நேரம் ஓய்வாகப் போடாமல் வெட்டினால் முன்கால் பின்கால் அளவு சேராது. சாதா ஊசியில் தைத்தால் தையல் ஓரமெங்கும் ஓட்டை விழும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போட வேண்டும். ஃபிளாட்லாக் லூப்பருக்கு டெக்ஸ்சர்டு நூல் மாற்றாவிட்டால், இழுத்துப் பார்க்கும்போது தையல் படபடவென்று அறுந்துபோகும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் அவசரத்தில் இறக்கும்போது இவை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு நாளாக, தைத்த பிறகுதான் தெரியவரும்.

ஏர் ஷிப்மென்ட் கணக்கும் இருக்கிறது. 10,000 டீஷர்ட், பேக்கிங்கோடு பீஸுக்கு 200 கிராம்: 2,000 கிலோ. ஏர் கட்டணம் கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 லட்சம், பீஸுக்கு 50 ரூபாய். எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரையான விலை) 220, லாபம் 7 சதவீதம் என்றால் ஒரு பீஸில் நிற்பது 15 ரூபாய் 40 காசு. 32,000 பீஸுக்கு மேல் தைத்துச் சம்பாதித்ததை ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்புகிறோம். எல்.சி.யில் (பையரின் பேங்க் தரும் பண உறுதிக் கடிதத்தில்) உள்ள கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டினால் பேங்கில் டிஸ்கிரிபன்சி, அதாவது ஆவணம் ஒத்துப்போகவில்லை என்ற குறிப்பு. அதைக் காட்டியே பையர் டிஸ்கவுன்ட் கேட்பார்.

டெஸ்லா மாடல் 3 இதற்குப் பெரிய அளவு உதாரணம். 2017 முடிவதற்குள் வாரம் 5,000 கார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதே லைனில் மிதமிஞ்சிய ரோபோ மயம் என்ற புது யோசனையையும் சேர்த்து ஏற்றினார்கள். அந்த எண்ணைத் தொட 2018 ஜூன் கடைசி ஆயிற்று. அளவுக்கு மீறிய ஆட்டோமேஷன் தன் தவறு என்று அந்த ஏப்ரலில் ஈலான் மஸ்க்கே எழுதினார்.

அப்படியானால் உடனே இறக்கவே கூடாதா? ஒரு சூழ்நிலையில் இறக்கத்தான் வேண்டும்: திட்டத்தின் காலுக்குக் கீழே இருந்த தரையே போய்விட்டால். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது கையிலிருந்த டி அண்ட் ஏ காலண்டர் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) வெறும் காகிதமாயிற்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதத்துக்கு ஏறியபோது, அமெரிக்க பையரை மட்டும் வைத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் "ஒப்புக்கொண்ட பிளான்" என்று பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய திட்டம் செத்துவிட்டதா, இல்லை புதியது அதைவிட அழகாக மட்டும் இருக்கிறதா? கண்காட்சியிலிருந்து வரும் லெக்கிங்ஸ் பெரும்பாலும் இரண்டாம் வகை.

வழி இரண்டு: அடுத்த சீசனுக்கு நிறுத்திவைப்பது

இதுதான் இயல்பு நிலையாக இருக்க வேண்டும். ஆனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்வது நிறுத்திவைப்பது ஆகாது. எது வரைக்கும் மாற்றலாம், எதற்குமேல் கூடாது என்று காலண்டரில் கோடு போட வேண்டும்.

90 நாள் ஆர்டருக்குக் கோடு இரண்டு. ஆர்டர் உறுதியானதிலிருந்து நூல் புக் செய்யும் வரை, ஏறக்குறைய முதல் 5 நாள், எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பேச்சு மட்டும்தான் செலவு. நூல் எடுத்ததிலிருந்து பி.பி. அப்ரூவல் வரை, ஏறக்குறைய 45-ஆம் நாள் வரை, மாற்றலாம், ஆனால் விலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான். லேப் டிப் (சாய நிற மாதிரி) ஓகே ஆகி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் அழுத்துவது) நடக்கும் காலம் அது. நின்றுபோன துணி கம்பெனி தலையில்தான் விழும். 45-ஆம் நாளிலிருந்து சரக்கு வெளியேறும் 85-ஆம் நாள் வரை பூட்டு. அந்தக் காலத்தில் லைன் மாற்றம் கிடையாது, முதலாளி வாயால் சொன்னாலும்; நான்காவது வழியில் வரும் சீட்டு மட்டும் விலக்கு.

யோசனைகளுக்கு ஒரு நோட்டு. வருஷத்தில் இரண்டு தடவை, ஸ்பிரிங்-சம்மருக்கும் ஆட்டம்-வின்டருக்கும் கெபாசிட்டி போடுவதற்கு முந்தின வாரம், நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி மேலே உள்ள ஒன்றிரண்டை மட்டும் எடுக்க வேண்டும். மீதி அடித்துவிடப்படும், அல்லது மறுபடி காத்திருக்கும். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் வருடாந்திரக் கூட்டத்தில் பத்து யோசனைகளைப் பலகையில் எழுதவைத்து, ஏழை அடித்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்வாராம். அடிக்கும் வேலையைத் தலைவரே செய்தார் என்பது முக்கியம். மேனேஜர் அடித்தால் பகைதான் மிஞ்சும்.

இந்த வழி கெடுவது இரண்டு விதத்தில். ஒன்று, நோட்டு திறக்கப்படுவதே இல்லை. இரண்டு சீசன் அப்படிப் போனால் முதலாளிக்கு நோட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். இரண்டாவது அதன் விளைவு: அவர் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை விட்டுவிட்டு நேராக கட்டிங் மாஸ்டருக்கு ஃபோன் போடுவார். பல நேரம் அவர் உத்தரவிடவும் மாட்டார். "அந்தத் துணி வந்துச்சான்னு பாருங்க" என்று சொல்லியிருப்பார். கீழே இருப்பவர் காதில் அது "இன்னைக்கே வெட்டு" என்று விழும். இதற்கு எளிய மருந்து, முதலாளி தன் பேச்சுக்குத் தானே முத்திரை குத்துவது: யோசனை, விசாரி, செய். "யோசனை" என்றால் யாரும் எழுந்திருக்க வேண்டாம். "விசாரி" என்றால் ஒரு ஆள், ஒரு நாள், விலையும் சப்ளையரும் மட்டும். "செய்" என்றால், நான்காவது வழியில் சொல்லப்போகும் சீட்டு எழுதியாக வேண்டும். வாட்ஸ்ஆப்பிலும் அந்த வார்த்தையை முதலில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

வழி மூன்று: ஒரு பங்கை முன்பே ஒதுக்குவது

நோட்டு மட்டும் இருந்தால் ஆறு மாதம் யோசனை ஆறிப்போகும். அதைச் சூடாக வைத்திருக்க ஒரு சிறு இடம் வேண்டும். முழு லைன் ஒதுக்குவது பத்து லைன் கம்பெனிக்குத் தாங்காது. மெஷினுக்கு நாளொன்றுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 1,200 ரூபாய் என்று போட்டால் 30 மெஷின் மாதம் 26 நாளுக்கு 9 லட்சத்து 36 ஆயிரம். எட்டு மெஷின் கொண்ட ஒரு செல் போதும்: நாலு ஓவர்லாக், இரண்டு ஃபிளாட்லாக், ஒரு சிங்கிள் நீடில், ஒரு எலாஸ்டிக் அட்டாச்சிங். மாதம் இரண்டரை லட்சம். மேலே பார்த்த ஒரு ஏர் ஷிப்மென்ட்டில் பாதி.

மெஷினைவிட முக்கியம் பேட்டர்ன் மாஸ்டரின் நேரம். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் யோசனைகளுக்கு மட்டும். மற்ற ஐந்து நாள் ஆர்டர்களுக்கு மட்டும். எது வந்தாலும் புதன் வரை காத்திருக்கும் என்பது தெரிந்தவுடன் முதலாளியின் அவசரமும் பாதி குறைந்துவிடும். அடுத்த வாரமே கையில் ஒரு பீஸ் வரும் என்பது அவருக்குத் தெரியும். லெக்கிங்ஸுக்கு 25 கிலோ சாம்பிள் லாட் சாயம் போட்டால் சேதாரம் போக 100 பீஸ் வரும். பையருக்குக் காட்டவும், துவைத்துப் பார்க்கவும், சாம் கணக்கெடுக்கவும் அது தாராளம்.

இந்த செல் எப்படிச் சாகும் என்பதும் தெரிந்ததுதான். டிசம்பரில் ஒரு ஆர்டர் பிந்தும். புரொடக்‌ஷன் மேனேஜர் வருவார்: "எட்டு மெஷின் சும்மாதானுங்க நிக்குது, ஒரு வாரத்துக்குக் குடுங்க." கொடுத்தால் திரும்பி வராது. ஆகவே செல்லை அவரிடம் கொடுக்கக் கூடாது. சாம்பிள் ரூம் தலைவருக்குக் கீழே, முடிந்தால் வேறு மாடியில் வைக்க வேண்டும். உண்மையிலேயே நெருக்கடி என்றால் எடுக்கலாம், ஆனால் முதலாளி கையெழுத்துடன், திருப்பித் தரும் தேதியுடன்.

வழி நான்கு: ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பது

சில யோசனைகள் காத்திருக்காது. பெரிய பையர் ஒருவர் "ஆறு வாரத்தில் 5,000 பீஸ் டிரயல் தர முடியுமா" என்று கேட்டால் நோட்டில் எழுதிவைக்க முடியாது. அப்போது எதை நிறுத்துகிறோம் என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அரைப் பக்கச் சீட்டு போதும்: என்ன செய்யப்போகிறோம்; பேட்டர்ன் மாஸ்டர், சாம்பிள், லைன் நாட்கள் எத்தனை; எந்த ஆர்டர் எண், எத்தனை பீஸ், எத்தனை நாள் தள்ளும்; தள்ளினால் எவ்வளவு பணம்; எந்தத் தேதியில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம்.

சீட்டு இருந்தால் முதலாளியிடம் "முடியாது" என்ற வார்த்தையே வேண்டாம். பிளானிங்கில் இருப்பவர் இப்படிச் சொன்னால் போதும்: "இறக்கிரலாமுங்க சார். நாலாவது லைன் 18,000 பீஸ் இருபதாம் தேதிக்குப் பதிலா இருபத்தேழு ஆயிருமுங்க. பையர்கிட்ட நீங்க பேசிர்றீங்களா, நான் மெயில் போடட்டுங்களா?" பாதிச் சீட்டுகள் இந்தக் கேள்வியிலேயே திரும்பிப்போகும். மீதிப் பாதிக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கும்.

ஒரு பொறியை மட்டும் கவனிக்க வேண்டும். எடுத்த ஆர்டரைத் தள்ளாமல், "வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துக்கலாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பையர் அனுமதித்த யூனிட் இல்லாத இடத்தில் தைப்பது ஒப்பந்த மீறல். ஆடிட்டில் தெரிந்தால் போவது அந்த ஆர்டர் மட்டும் அல்ல, பையரே போவார். எழுத்தில் அனுமதி வாங்கிய யூனிட் இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு.

இதை அடிக்கடி செய்தாலும் கெடும். பிளான் மாதம் இரண்டு தடவை மாறினால் மெர்ச்சண்டைசர்கள் ஒவ்வொரு தேதியிலும் ஐந்து நாள் ஒளித்துவைக்கத் தொடங்குவார்கள். கட்டிங் மாஸ்டர் பண்டலைக் கொடுக்காமல் வைத்திருப்பார். லைன் கான்ட்ராக்டர் வேறு இடத்திலும் வேலைக்கு வாக்குக் கொடுத்திருப்பார். ஒளித்துவைத்த நாட்களைப் பார்க்கும் முதலாளிக்கு "இவ்வளவு இடம் இருக்கிறதே" என்று தோன்றும். இன்னொரு யோசனையை இறக்குவார். அதனால்தான் சீசனுக்கு ஒன்று என்று உச்சவரம்பு வைக்கச் சொல்கிறோம்.

வழி ஐந்து: தனி யூனிட்

லாக்ஹீட் 1943-இல் கெல்லி ஜான்சன் தலைமையில் தனிக் குழு ஒன்றை ஒதுக்கி, 180 நாளில் தர வேண்டிய எக்ஸ்.பி.-80 ஜெட் விமானத்தை 143 நாளில் முடித்தது. இந்தக் கதையை எல்லா எம்.பி.ஏ. வகுப்பிலும் சொல்வார்கள். அங்கே இடமும் ஆட்களும் முடிவெடுக்கும் அதிகாரமும் உண்மையிலேயே தனி. நம் ஊரில் "தனி யூனிட்" என்பது பல நேரம் தனி வாடகைக் கட்டடமும் தனி ஜி.எஸ்.டி. எண்ணும் மட்டும்தான், பேட்டர்ன் மாஸ்டர், துணி வாங்குபவர், க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) எல்லாரும் பழைய ஆட்களே, இரண்டு பக்கமும் ஓடுவார்கள். அது முதல் வழியேதான், வாடகையைக் கூடச் சேர்த்து.

ஆகவே தனி யூனிட்டுக்கு நாங்கள் வைக்கும் நிபந்தனை: செல்லில் தைத்த பொருளுக்கு ஒரே பையரிடமிருந்து இரண்டாவது முறை ஆர்டர் வந்திருக்க வேண்டும். முதல் ஆர்டர் ஆர்வத்தில் வரும், இரண்டாவதுதான் விலையும் தரமும் பார்த்து வரும். நாற்பது லைன் கம்பெனிக்கு இந்த வழி இயல்பானது. மூன்று லைனுக்குக் குறைவான இடத்தில் இதையும் செல்லையும் மறந்துவிடலாம். சாம்பிளை வெளியே ஃப்ரீலான்ஸ் பேட்டர்ன் மாஸ்டரிடம் கொடுத்துப் பார்த்து, சரியென்றால் சீட்டு எழுதி ஒரு ஆர்டரை விடுவதுதான் வழி.

தனி யூனிட் என்று முடிவெடுத்தால் யாரை அனுப்புவது என்பதில் எப்போதும் ஒரு சண்டை வரும். முதலாளி மூத்த பேட்டர்ன் மாஸ்டரைக் கேட்பார். அனுப்ப வேண்டியது இத்தனை நாள் புதன்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து லெக்கிங்ஸுக்கு அளவு போட்ட உதவியாளரை. மூத்தவர் பழைய இடத்திலேயே இருந்தால்தான் டீஷர்ட்டின் பி.பி. சாம்பிள் தேதிக்குப் போகும். உதவியாளருக்குச் சம்பளமும் பதவியும் அன்றைக்கே ஏற்றிக் கொடுங்கள்; இல்லாவிட்டால் பெருமாநல்லூர் ரோட்டில் வேறு யாராவது ஏற்றிக் கொடுப்பார்கள்.